டெஸ்க்டாப் கணினியில் ஏடைம்: ரெல்ஏடைமிலேயே விடலாமா, நோஏடைமுக்கு மாறலாமா?

காவேரிப்பட்டணம் அச்சகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணத்தில் சிறிய அச்சகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதணி விழா அழைப்பிதழ், மாங்காய்ப் பருவத்தில் மாங்கூழ் ஆலைகளுக்கான டப்பா லேபிள் என்று வேலைகள் வரும். வடிவமைப்பு முழுவதும் இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகிய மென்பொருள்களில் நடக்கிறது. கணினியில் டெபியன் நிறுவியிருக்கிறேன். இயங்குதளம் எஸ்எஸ்டியில் உள்ளது. வேலைக் கோப்புகள் அனைத்தும் தனியாக உள்ள 1 டெராபைட் ஹார்ட் டிஸ்கில், எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமை கொண்ட பார்ட்டிஷனில் உள்ளன.

என் சிக்கல் இதுதான். 'வேலைகள்' என்ற அடைவுக்குள் வாடிக்கையாளர் பெயருக்கு ஒன்றாகச் சுமார் 3000 உள் அடைவுகள் இருக்கின்றன. காலையில் முதல் முறை அதைத் திறக்கும்போது ஹார்ட் டிஸ்க் அரை நிமிடம்வரை கடகடவென்று ஓடிய பிறகே திரை நிலைக்கு வருகிறது. ஒரு கோப்பைப் படித்தாலே 'எப்போது படித்தார்கள்' என்ற நேரத்தை (இதைத்தான் ஏடைம் என்கிறார்கள்) லினக்ஸ் வட்டில் எழுதுகிறது என்றும், நோஏடைம் என்ற தெரிவைப் போட்டால் அந்த எழுத்து நின்றுவிடும் என்றும் நண்பர் ஒருவர் சொன்னார்.

ஆனால் அந்த ஏடைம் எனக்குத் தேவைப்படவும் செய்கிறது. ஆடி மாதத்தில் கல்யாண வேலை இல்லாமல் கை ஓய்ந்திருக்கும்போது, இரண்டு ஆண்டுகளாக யாரும் திறக்காத கோப்புகளைக் கண்டுபிடித்து வெளி வட்டுக்கு மாற்றிவிட்டு இடத்தைக் காலி செய்ய நினைத்திருக்கிறேன். அந்த நேரத்தை எழுதுவதையே நிறுத்திவிட்டால் எது திறக்கப்பட்டது, எது திறக்கப்படவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எந்தப் பார்ட்டிஷன் எந்தத் தெரிவுகளோடு மவுன்ட் ஆகியிருக்கிறது (இணைக்கப்பட்டிருக்கிறது) என்று காட்டும் ஃபைண்ட்மவுன்ட் கட்டளையைக் கொடுத்துப் பார்த்தபோது அந்தப் பார்ட்டிஷனுக்கு நேரே ரெல்ஏடைம் என்று காட்டுகிறது. மவுன்ட் தெரிவுகளை எழுதி வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் நான் அந்தச் சொல்லை எழுதவே இல்லை. 'டிஃபால்ட்ஸ்' என்று மட்டுமே இருக்கிறது. லேசிடைம் என்று இன்னொன்றும் இருப்பதாகப் படித்தேன். எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போகும், யுபிஎஸ் பேட்டரியும் பழையது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எதைத் தேர்ந்தெடுப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.


ஓசூர் நிர்வாகி எழுதியது:

வணக்கம். இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. எஃப்எஸ்டேப்பில் அந்த வரியின் நான்காவது புலத்தில் 'டிஃபால்ட்ஸ்' என்பதற்குப் பின் காற்புள்ளி இட்டு நோஏடைம், நோடிர்ஏடைம் இரண்டையும் சேர்த்துவிடுங்கள். நான் பராமரிக்கும் எல்லாக் கணினிகளிலும் பல ஆண்டுகளாக இப்படித்தான் வைத்திருக்கிறேன். இதனால் எதுவும் பழுதானதாக ஒருவரும் வந்து சொன்னதில்லை. பழைய கோப்புகளைக் கண்டுபிடிக்கக் கடைசியாக மாற்றிய நேரம் போதும்.


அரூர் ஆசிரியர் எழுதியது:

ஓசூர் நண்பர் சொல்லும் அமைப்பு அவருடைய பணிக்குச் சரியாக இருக்கும். ஆனால் கேள்வி கேட்டவர் ஏடைமை வைத்து ஒரு முடிவெடுக்க விரும்புகிறார் என்பதால், அவருக்கு அதே விடையைச் சொல்லிவிட முடியாது. முதலில் ஒரு சிறு திருத்தம்: நோஏடைம் போட்டால் அடைவுகளுக்கும் சேர்த்தே அது பொருந்தும்; நோடிர்ஏடைம் என்று தனியாக எழுதுவதால் கூடுதலாக எதுவும் நடப்பதில்லை.

ஒவ்வொரு கோப்புக்கும் ஐநோடு என்ற விவரப் பதிவு ஒன்று உண்டு. அதில் இங்கே நமக்கு வேண்டியவை மூன்று நேரங்கள். எம்டைம் என்பது உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம். சிடைம் என்பது ஐநோடு மாறிய நேரம். அனுமதியையோ பெயரையோ மாற்றினாலும் இது நகரும், பலர் நினைப்பதுபோல் கோப்பு உருவான நேரம் அன்று. ஏடைம் என்பது கடைசியாகப் படிக்கப்பட்ட நேரம். பழைய யுனிக்ஸ் வழக்கப்படி, படிக்கும் ஒவ்வொரு முறையும் ஏடைம் புதுப்பிக்கப்பட வேண்டும். கோப்பின் உள்ளடக்கம் ஏற்கெனவே நினைவகத்தில் இருந்து, வட்டைத் தொடாமலேயே படித்து முடித்திருந்தாலும், நேரத்தை எழுத வட்டுக்குப் போக வேண்டியிருக்கும். நேரம் என்பது சில பைட்டுகள்தாம். ஆனால் எக்ஸ்ட்4 அந்தச் சில பைட்டுகளுக்காக, அந்த ஐநோடு இருக்கும் 4096 பைட் பிளாக் முழுவதையும் முதலில் ஜர்னல் என்ற முன்பதிவேட்டிலும் பிறகு அதன் இடத்திலும் எழுதும். 2007இல் இங்கோ மோல்னார் போன்ற, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதும் நிரலாளர்கள் இந்த வழக்கத்தைக் கடுமையாகக் குறை கூறியதற்குக் காரணம் இதுவே.

ரெல்ஏடைம் அதற்குக் கண்ட நடுவழி. கெர்னல் 2.6.20இல் அறிமுகமாகி, 2009இல் வந்த 2.6.30 முதல் எதுவும் எழுதாவிட்டாலும் அதுவே இயல்பு அமைப்பாக இருக்கிறது. உங்கள் எஃப்எஸ்டேப்பில் இல்லாத சொல் ஃபைண்ட்மவுன்டில் தெரிவதற்கு விளக்கம் இதுதான். நண்பர் சொன்ன 'படித்தாலே எழுதும்' என்ற நிலை உங்கள் கணினியில் ஏற்கெனவே இல்லை. அந்தப் பழைய வழக்கம் வேண்டுமென்றால் இன்று ஸ்ட்ரிக்ட்ஏடைம் என்று நாமே கேட்டு வாங்க வேண்டும்.

ரெல்ஏடைமின் விதியை ஒரு கோப்பை வைத்து நீங்களே பார்க்கலாம். காலை 10 மணிக்கு ஒரு சிறு உரைக் கோப்பை உருவாக்குங்கள். 10:05க்குக் கேட் கட்டளையால் அதைப் படித்துவிட்டு, கோப்பின் நேரங்களைக் காட்டும் ஸ்டேட் கட்டளையைக் கொடுத்தால், ஏடைம் 10:05 என்று காட்டும். ஏனெனில் அதுவரை இருந்த ஏடைம் எம்டைமைவிடப் புதியதாக இல்லை. 10:20க்கு மறுபடியும் படியுங்கள். ஏடைம் 10:05லேயே நிற்கும். 11 மணிக்கு அதில் ஒரு வரி சேர்த்துவிட்டு 11:10க்குப் படித்தால் 11:10 ஆகும். பிறகு அன்று முழுவதும் எத்தனை முறை படித்தாலும் அப்படியே இருந்து, 24 மணி நேரம் கடந்தபின் படிக்கும்போது மீண்டும் நகரும். ஆக, யாரும் மாற்றாத ஒரு கோப்புக்கு ஒரு நாளில் அதிகபட்சம் ஒரே ஒரு ஏடைம் எழுத்து. நீங்கள் கேட்பதோ 'இரண்டு ஆண்டுகளாகத் திறக்கப்படாதவை எவை' என்பதை. அதற்கு ஒரு நாள் துல்லியம் தாராளமாகப் போதும்.

எம்டைம் போதும் என்று ஓசூர் நண்பர் சொல்வதை அச்சகத்துக்கு நான் ஒப்பமாட்டேன். பத்து ஆண்டுகளுக்கு முன் வரைந்த ஒரு பிள்ளையார் படமோ பூக்கொடி பார்டரோ மாற்றப்படாமலேயே ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் திறக்கப்பட்டுக்கொண்டிருக்கும். எம்டைமை நம்பினால் உங்கள் அச்சகத்தில் அதிகம் பயன்படும் கோப்புகள்தாம் முதலில் வெளி வட்டுக்குப் போகும்.

இனி அந்த அரை நிமிடம். அது ஏடைமால் வருகிறது என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் திறப்பது ஓர் அடைவை. அதற்குள் இருக்கும் கோப்புகளின் பெயரையும் அளவையும் தேதியையும் காட்டுவதற்கு ஐநோடைப் பார்த்தாலே போதும், அதனால் கோப்பின் ஏடைம் நகராது. உங்கள் கோப்பு மேலாளர், ஒவ்வோர் உள் அடைவின் பக்கத்திலும் '14 உருப்படிகள்' என்பதுபோல் எண்ணிக்கை காட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது 3000 அடைவுகளையும் தனித்தனியே திறந்து எண்ணுகிறது என்று பொருள். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் வட்டில் அரைச் சுற்றுக்கே சுமார் 4.2 மில்லிநொடி ஆகும். தலை நகரும் நேரத்தையும் சேர்த்து ஓர் அடைவுக்கு 10 மில்லிநொடி என்று குறைத்தே வைத்தாலும் 3000 அடைவுகளுக்கு 30 நொடி வந்துவிடுகிறது. நீங்கள் சொல்லும் அரை நிமிடத்தோடு கணக்கு ஒத்துப்போகிறது.

என்னை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கோப்பு மேலாளரையும் மற்ற நிரல்களையும் மூடிவிட்டு, அந்தப் பார்ட்டிஷனை அன்மவுன்ட் செய்து, மறுபடி இப்போதைய அமைப்பிலேயே மவுன்ட் செய்து அடைவைத் திறந்து நேரம் குறியுங்கள். அன்மவுன்ட் செய்யும்போது நினைவகத்தில் சேர்த்து வைத்திருந்த அதற்குரிய கேச் காலியாவதால் காலை நிலை திரும்பக் கிடைக்கும். பிறகு மீண்டும் அன்மவுன்ட் செய்து, இம்முறை நோஏடைமோடு மவுன்ட் செய்து குறியுங்கள்.

லேசிடைம் பற்றி: 2015இல் வந்த கெர்னல் 4.0 முதல் இது இருக்கிறது. இது ரெல்ஏடைமுக்கு மாற்று அன்று, அதனோடு சேர்த்தும் போடலாம். நேரங்களை நினைவகத்தில் மட்டும் புதுப்பித்துவிட்டு, அந்த ஐநோடு வேறு காரணத்துக்காக எழுதப்படும்போதோ, எல்லாவற்றையும் வட்டில் எழுதச் சொல்லும் சிங்க் செய்யும்போதோ, ஐநோடு நினைவகத்திலிருந்து நீக்கப்படும்போதோ, 24 மணி நேரம் கடந்தாலோ வட்டுக்கு அனுப்பும். திடீரென்று மின்சாரம் போனால் அதுவரை எழுதப்படாத நேரங்கள் போய்விடும். ஏடைம் மட்டுமல்லாமல், அளவு மாறாமல் உள்ளேயே திருத்தப்பட்ட கோப்பின் எம்டைமும் போகலாம். உங்கள் பேட்டரியின் நிலையில் நான் அதை நாடமாட்டேன்.

நான் இன்னும் ரெல்ஏடைமை விடாததற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் மின்னஞ்சலை மட் என்ற பழைய நிரலில், ஒரு பெட்டியின் அஞ்சல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கும் எம்பாக்ஸ் வடிவத்தில் வைத்திருக்கிறேன். எம்டைம் ஏடைமைவிடப் புதியதாக இருந்தால் புது அஞ்சல் வந்திருக்கிறது என்று அது புரிந்துகொள்ளும். ரெல்ஏடைமின் முதல் விதி இத்தகைய நிரல்களைக் கருத்தில் கொண்டே அமைந்தது. நோஏடைமில், படித்து முடித்த பெட்டியையும் 'புதியது' என்றே காட்டிக்கொண்டிருக்கும், வேறு அமைப்பு ஒன்றை மாற்றாதவரை. அச்சகத்தில் இதற்கு வேலை இல்லை என்று தெரியும், பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன்.


பென்னாகரம் மாணவி எழுதியது:

ஐயா, ஆசிரியர் சொன்னது எக்ஸ்ட்4க்கு முழுவதும் பொருந்தும். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை வைத்திருப்பவர்கள் இந்த இழையைப் படித்துவிட்டு ரெல்ஏடைமிலேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். ஃபெடோரா ஒர்க்ஸ்டேஷன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் 33ஆம் பதிப்பிலிருந்து அதுவே இயல்பு கோப்பு முறைமை. என் மடிக்கணினியிலும் அதுதான்.

அதில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பிரதி) எடுத்தவுடன் இடம் கூடுவதில்லை. பழையதும் புதியதும் ஒரே மெட்டாடேட்டாவை (கோப்புகளைப் பற்றிய விவரங்களை) பகிர்ந்துகொள்கின்றன. ஏதாவது ஒன்று மாறினால் மட்டும் அந்தப் பகுதியைப் புது இடத்தில் எழுதி, பகிர்வைப் பிரித்துக்கொள்ளும். கோப்பைப் படிக்கும்போது ஏடைம் நகர்ந்தால் அதுவும் ஒரு மாற்றம்தான். நான் ஒரு முறை ஸ்னாப்ஷாட் எடுத்துவிட்டு, ஒரு சொல்லைத் தேடுவதற்காக ஹோம் முழுவதிலும் கிரெப் ஓடவிட்டேன். ஒரு வரிகூட நான் மாற்றவில்லை; ஆனாலும் மெட்டாடேட்டாவுக்கான இடம் கூடியிருந்தது. நோஏடைம் போட்டபின் அது நின்றது.

சேர்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பிடிஆர்எஃப்எஸ்ஸில் சுருக்கம் போன்ற தெரிவுகள் முதலில் மவுன்ட் ஆகும் சப்வால்யூமில் (தனியாக மவுன்ட் செய்யக்கூடிய உட்பிரிவில்) எழுதியபடி எல்லாவற்றுக்கும் அமையும். நோஏடைம் அப்படியல்ல, மவுன்டுக்கு மவுன்ட் தனி. ரூட்டுக்கும் ஹோமுக்கும் எஃப்எஸ்டேப்பில் இரண்டு வரிகள் இருந்தால் இரண்டிலும் எழுத வேண்டும். நான் முதல் வரியில் மட்டும் எழுதிவிட்டு ஒரு வாரம் ஏமாந்திருந்தேன்.


காவேரிப்பட்டணம் அச்சகம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்னபடியே இரு முறை மவுன்ட் செய்து கைப்பேசியின் ஸ்டாப்வாட்சில் நேரம் பார்த்தேன். இரண்டுக்கும் இருந்த வித்தியாசம் என் விரல் பொத்தானை அழுத்தும் தாமதத்துக்குள் அடங்கிவிட்டது. கோப்பு மேலாளரின் விருப்பங்களில் 'அடைவிலுள்ள உருப்படிகளின் எண்ணிக்கையைக் காட்டு' என்பதை நிறுத்தியபின், அதே அடைவு மூச்சு விடுவதற்குள் திறக்கிறது. இத்தனை மாதம் ஏடைமைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் இரண்டாவது காரியம் இடறிவிட்டது. ஃபைண்ட் கட்டளையில் ஏடைம் தெரிவுக்கு +730 என்று கொடுத்து, கோப்புகளை மட்டும் தேடச் சொன்னேன். ஒரு கோப்புகூட வரவில்லை. +30 என்று குறைத்தும் ஒன்றும் வரவில்லை. சந்தேகப்பட்டு, 2016இல் அடித்த ஒரு காதணி விழா அழைப்பிதழுக்கு ஸ்டேட் கொடுத்தால் அதன் ஏடைம் கடந்த ஞாயிறு இரவு 11 மணியைக் காட்டுகிறது. அடுத்ததும் அதே இரவு, அதற்கடுத்ததும் அதே இரவு. ஞாயிறுதோறும் இரவு, கோப்புகளை ஒரே தொகுப்பாகக் கட்டும் டார் நிரல் மூலம் முழு பேக்கப் எடுத்து வெளி வட்டில் போடும் ஸ்கிரிப்ட் ஒன்றை வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.


அரூர் ஆசிரியர் எழுதியது:

பேக்கப் பற்றி நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், தவறு என்னுடையது. டார் முழு பேக்கப் எடுக்கும்போது எல்லாக் கோப்புகளையும் படிக்கிறது. ஒரு வாரம் கழித்துப் படிப்பதால் 24 மணி நேர விதி ஒவ்வொன்றுக்கும் பொருந்தி, ஒவ்வொரு ஞாயிறும் எல்லா ஏடைமும் புதிதாகிவிடுகின்றன. நீங்கள் நினைத்த எழுத்துச் செலவும் உண்மையில் அந்த ஒரு இரவில்தான் மொத்தமாக நடந்துகொண்டிருக்கிறது.

இதற்கு இரு வழிகள் உண்டு. குனு டாரில் ஏடைம்-பிரிசர்வ் என்ற தெரிவுக்குச் 'சிஸ்டம்' என்ற மதிப்பைக் கொடுத்தால், ஓநோஏடைம் என்ற கொடியோடு கோப்பைத் திறந்து, ஏடைமைத் தொடாமல் படிக்கும். கோப்பின் உரிமையாளராகவோ, ரூட் என்ற நிர்வாகிக் கணக்காகவோ இருந்து ஓட்டினால்தான் இந்தக் கொடியைக் கெர்னல் ஏற்கும். அதே தெரிவுக்கு 'ரிபிளேஸ்' என்ற மதிப்பும் உண்டு. அது படித்தபின் பழைய நேரத்தைத் திரும்ப எழுதுவதால் சிடைமை நகர்த்திவிடும். அதை எடுக்காதீர்கள், வேலையும் இரட்டிப்பு.

இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது. நோஏடைம் மவுன்டுக்கு மவுன்ட் தனி என்று பென்னாகரத்துப் பெண் சொன்னாரே, அது எக்ஸ்ட்4க்கும் பொருந்தும். வேலைப் பார்ட்டிஷனை இப்போதுள்ளபடி ரெல்ஏடைமில் விட்டுவிட்டு, அதையே இன்னோர் அடைவில் பைண்ட் மவுன்ட் செய்து, அந்த இரண்டாவது மவுன்டுக்கு மட்டும் படிக்க-மட்டும் என்பதையும் நோஏடைமையும் போட்டுவிடுங்கள். பேக்கப் ஸ்கிரிப்ட் அந்த வாசல் வழியாக நுழையட்டும். நாளை டாரை விட்டு வேறு நிரலுக்கு மாறினாலும் ஏடைம் கெடாது. ஸ்கிரிப்டில் ஏதேனும் பிழை நேர்ந்தாலும் மூலக் கோப்புகளில் கை வைக்க முடியாது.

பேக்கப் போலவே வேறு சிலவும் ஏடைமை நகர்த்தும். கோப்பு மேலாளர் ஒரு படத்துக்குச் சிறுபடம் தயாரிக்கும்போது அதைப் படிக்கிறது. தயாரித்ததைச் சேமித்துக்கொள்வதால் அது பெரும்பாலும் ஒரு முறையோடு முடியும். உள்ளடக்கத்தைத் தேடிக் குறிப்பெடுக்கும் இண்டெக்ஸர் இயங்கினால் வேலைப் பார்ட்டிஷனை அதன் பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். அடைவுகளின் ஏடைமை ஒருபோதும் நம்பாதீர்கள். எட்டிப் பார்த்தாலே நகரும். நீங்கள் கோப்புகளை மட்டும் தேடியது சரி.


ஓசூர் நிர்வாகி எழுதியது:

ஏடைம் தேவைப்படும் ஒருவரிடம் அதை நிறுத்தச் சொன்னது என் அவசரம். இருந்தாலும் எஸ்எஸ்டியில் இயங்குதளம் உள்ள ரூட் பார்ட்டிஷனுக்கு நோஏடைம் போடுவதில் தயக்கம் வேண்டாம் என்பதே இன்னும் என் கருத்து. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். தற்காலிகக் கோப்புகளைத் துடைக்கும் சிஸ்டம்டி-டிஎம்ப்ஃபைல்ஸ், மூன்று நேரங்களுமே பழையதாக இருந்தால்தான் ஒரு கோப்பை நீக்கும். வார் அடைவுக்குள் இருக்கும் டிஎம்ப்புக்கு அதன் மூல அமைப்பில் 30 நாள் கெடு. நோஏடைமில், அங்கே வைத்துத் தினமும் படித்துக்கொண்டு மட்டும் இருக்கும் கோப்பு, படிக்கப்படாததாகவே கணக்காகிவிடும். அங்கே எதையும் வைக்கும் பழக்கம் இல்லையென்றால் கவலை இல்லை.

எஃப்எஸ்டேப்பைத் திருத்துமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். காற்புள்ளிக்குப் பின் ஓர் இடைவெளி விழுந்தாலே அடுத்த சொல் ஐந்தாவது புலமாகிவிடும். திருத்தியபின் ஃபைண்ட்மவுன்டை வெரிஃபை தெரிவோடு ஓட்டிப் பாருங்கள். அதைச் செய்யாமல் மறுதொடக்கம் செய்து, அவசர நிலைத் திரையில் நின்ற கணினியின் முன்னால் நானே ஒரு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்திருக்கிறேன்.


காவேரிப்பட்டணம் அச்சகம் எழுதியது:

இரண்டாவது வாசலை அமைத்துவிட்டேன். இந்த ஞாயிறு பேக்கப் முடிந்தபின் திங்கள் காலை அதே காதணி விழா அழைப்பிதழுக்கு ஸ்டேட் கொடுத்தேன். ஏடைம் முந்தைய ஞாயிற்றிலேயே நிற்கிறது. ரூட்டை மாற்றவில்லை, அதில் எனக்கு எந்தக் குறையும் இருந்ததில்லை.

கெட்டுப்போன பழைய தேதிகள் இனிக் கிடைக்கப் போவதில்லை என்பதால் இந்த ஆடியில் எதையும் நகர்த்தப் போவதில்லை. இன்றிலிருந்து எண்ணத் தொடங்கி, அடுத்த ஆடி வரும்போது +330 என்று கொடுத்துத் தேடுவேன். இரண்டு ஆண்டுக் கணக்கு அதற்கும் அடுத்த ஆடிக்குத்தான் தேறும். ஒரு முகூர்த்தச் சுற்று முழுவதும் திறக்கப்படாத கோப்பு எது என்றாவது அதற்குள் தெரிந்துவிடும்.